109 வயது ஜமீன்தார் இன்னும் சாகவில்லை

(சோழவந்தானில் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ திரையிடலுக்குப் பின் பேசியது)



1963இல் ஸ்ரீதர் இயக்கிய படம். பாழடைந்த மாளிகைக்குள் கல்யாண்குமார் நுழைந்தபோது, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வின்சென்ட்டின் கேமரா அறுபது ஆண்டு கழித்தும் மிரட்டுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் நம்மைப் பயமுறுத்துவது பேய் அல்ல, உயிரோடிருக்கும் ஒரு கிழவர். மகன் காதலித்த ஏழைப் பெண்ணைக் கொன்ற ஜமீன்தார். மகன் மறுபிறவி எடுத்து வந்த பிறகும், 109 வயதில், நம்பியார் விரட்டுகிறார்.

பின்னால் வந்த படங்களிலும் இந்த முன்கதை தொடர்கிறது. ‘சந்திரமுகி’யில் அரண்மனையில் கொல்லப்பட்ட நடனப் பெண், ‘காஞ்சனா’வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. வாழ்ந்தபோது நியாயம் கிடைக்காதவர்களே திரும்பி வருகிறார்கள். சினிமா வருவதற்கு முன்பே நம் மக்களுக்கு இது தெரியும். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனைச் சாமியாக்கி வைத்திருப்பவர்கள்தானே நாம்!

படம் இதை ஏழை, பணக்காரர் கதையாகச் சொல்கிறது. ஜமீன் மாளிகைக்கும் குடிசைக்கும் நடுவே இருந்தது பணம் மட்டும்தானா?

மறுபிறவிக்கு வருவோம். ‘போன பிறவியில் செய்த பாவம், இந்தச் சாதியில் பிறந்தாய்’ என்று நம் பாட்டன்களிடம் சொன்னார்கள். இந்தப் படத்தில் மறுபிறவி எடுத்தவன் தன் பாவத்தை அல்ல, நடந்த கொலையை நினைவுகூர்கிறான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நியாயத்துக்கு இன்னொரு பிறவி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

2015இல், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனதற்காகப் பட்டியல் சாதி இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமரா மறக்கவில்லை. அவருடைய தாய் போராடி, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

ஒரு தாய் இந்தப் பிறவியிலேயே வாங்கிய நியாயம் அது.

அந்தக் கிழவர் நம் தெருக்களில் இன்னும் நடமாடுகிறார். சில வீடுகளில் அவருக்கு அப்பா என்று பெயர், சில வீடுகளில் தாய்மாமன், சில இடங்களில் சங்கத் தலைவர். வீட்டில் அவர் குரல் கேட்கும்போது, பேய்ப் படம் பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். எதிர்த்துப் பேசுங்கள்.