நெடுநீர்மையும் எழுத்துத் தொழிலும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் எழுதியவற்றைப் போற்றிப் பேசுவது மரபு. எழுதாமல் விட்டவற்றைப் பற்றியும் ஒருமுறை பேசுவது நலம் பயக்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கவிஞர்தம் வீட்டு அலமாரிகளில் பாதியில் நின்றுபோன கையெழுத்துப் படிகள் எத்தனை உள்ளன என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

அலுவலகத்தில் பணிபுரிபவர்க்கு மேலதிகாரி உண்டு. இப்பகுதியின் மானாவாரி உழவர்க்குப் பருவம் உண்டு. கரிசலில் மழை ஈரம் காய்வதற்குள் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்தாக வேண்டும். எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்க்கோ மேலதிகாரியும் இல்லை, பருவமும் இல்லை. இன்று எழுதாவிட்டால் ஏன் என்று கேட்பார் எவரும் இலர். அந்தச் சுதந்திரமே அவருக்குப் பகையாகிறது.

வள்ளுவர் இந்நோயை நன்கு அறிந்தவர். மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போக விரும்புவோர் ஏறும் மரக்கலங்கள் என நான்கினை எண்ணும்போது, காலம் நீட்டித்துச் செய்வதாகிய நெடுநீரையே முதலில் வைக்கிறார். மறதியும் சோம்பலும் உறக்கமும் அதன் பின்னரே வருகின்றன. அவரே வினைசெயல்வகை அதிகாரத்தில், தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தியே செய்க என்றும் கூறுகிறார். எனவே தாமதம் எல்லாம் குற்றமன்று. ஆற அமரச் செய்வதற்கும் தள்ளிப்போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே முதற்பணி. ஆற அமரச் செய்யும் வேலை நாள்தோறும் சிறிதேனும் நகரும். தள்ளிப்போடும் வேலை நகராது. அதைப் பற்றிய பேச்சு மட்டுமே வளரும்.

இவ்விரண்டிற்கும் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மண்ணில் நடந்து திரிந்து தமிழ் கற்ற ஒருவரின் வாழ்க்கையே சான்று. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தமிழ்ச்சுவையை முதலில் உணர்ந்தது அரியலூர்ச் சடகோபையங்காரிடம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையாலும் கதாப்பிரசங்கத்தாலும் வாழ்ந்தவர். ஆதரிப்பார் உள்ள ஊரே அவர் ஊர். அரியலூர், குன்னம், கார்குடி எனக் குடும்பம் இடம் மாறும்போதெல்லாம் பாடமும் அறுந்து அறுந்து தொடர்ந்தது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும் பாடம் சொன்னார்கள். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில், இன்று செங்குணம் என வழங்கும் ஊரில், விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகை கற்பித்தார். இம்மாணவருக்கு இனிப் பாடம் சொல்லத் தக்கவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்று வழிகாட்டிய பெருந்தன்மையும் அந்த ரெட்டியாருடையது.

1871இல், பதினேழாவது வயதில், மாணவர் மாயூரம் சென்று பிள்ளையவர்களை அடைந்தார். 1876 பிப்ரவரி முதல் நாளில் பிள்ளையவர்கள் மறைந்தார். இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். வறுமையையும் வழிச்செலவையும் காரணம் காட்டி அந்தப் பயணம் இன்னும் ஐந்தாண்டு தள்ளிப்போயிருந்தால், ஆசிரியர் இருந்திருக்கமாட்டார். சங்க நூல்களின் பதிப்பு வரலாறே வேறாக அமைந்திருக்கும்.

அந்த ஆசிரியரும் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர் அல்லர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும், ஊரார் வேண்ட அவர் பாடிய தலபுராணங்களும் அவரைத் தாங்கின. இறுதிக் காலத்தில் கடன் அவரை வருத்தியது. எனினும் அவர் பாடிக் குவித்த நூல்கள் மிகப் பல. கவித்துவம் ஒன்றே இதற்குக் காரணமன்று. அரங்கேற்றம் என்னும் ஏற்பாடும் ஒரு காரணம். திருப்பெருந்துறைப் புராணத்தின் அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் பகுதிகள் இயற்றப்பெற்றன. கோயிலில் கேட்போர் காத்திருக்கின்றனர். சொல்லச் சொல்ல எழுதச் சாமிநாதையர் ஏடும் எழுத்தாணியுமாக அருகில் இருக்கிறார். அந்நிலையில் நாளை பார்க்கலாம் என்னும் சொல்லுக்கே இடமில்லை. கேட்போரும் எழுதுவோரும் சேர்ந்து கவிஞருக்கு ஒரு பருவத்தை உண்டாக்கிக் கொடுத்தனர்.

மாணவர் இதனை மறக்கவில்லை. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்ட கேள்வி அவரை உலுக்கியது. நூல் அச்சில் வெளிவந்தது 1887இல். இடையிலுள்ள ஏழாண்டும் தள்ளிப்போட்ட காலமன்று. கும்பகோணம் கல்லூரிப் பணிக்கிடையே ஏடு தேடியும், பாடம் ஒப்பிட்டும், சமண நூற்பொருளைச் சமணர்களிடமே கேட்டறிந்தும் நகர்ந்த காலம். ஐயம் முற்றும் தீர்ந்த பின்னரே வெளியிடுவேன் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. திருத்தங்கள் 1907, 1922ஆம் ஆண்டுப் பதிப்புகளில் தொடர்ந்தன. குறையற்ற ஒன்றையே தருவேன் என்று சொல்லி ஒன்றுமே தராதிருப்பது, தள்ளிப்போடுதல் அணியும் உயர்ந்த ஆடை. கவிஞர்கள் அதனிடத்தில் மிகுந்த எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அத்தகையவரிடத்தும் ஒரு பணி பிந்தியது. அது தம் வரலாறு. அது 1940 ஜனவரியில்தான் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' என வெளிவரத் தொடங்கியது. அப்போது ஆசிரியருக்கு வயது எண்பத்து நான்கு நிறைந்து எண்பத்தைந்து நெருங்கியிருந்தது. வாரந்தோறும் வந்து நின்ற இதழின் தேவை, முன்பு அரங்கேற்றம் செய்த வேலையைச் செய்தது. முதுமையிலும் 122 அத்தியாயங்கள் உருவாயின. 1942 ஏப்ரல் 28இல் அவர் மறைந்தபோது வரலாறு 1898இன் மணிமேகலைப் பதிப்பளவில் நின்றிருந்தது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்ததும், 1906இல் மகாமகோபாத்தியாயர் ஆனதும், 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்ததும் அவர் வாய்மொழியாகத் தமிழுக்குத் தொடர் வரலாறாகக் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வு எழுதப்படாமல் போயிற்று. பிறர் நூல்களைக் கறையானிடமிருந்து மீட்ட பெருமகனாருக்குத் தம் நூலைக் காலத்திடமிருந்து முழுதும் மீட்க இயலவில்லை. இது குறை கூறுவதற்காகச் சொல்லப்படுவதன்று. அவருக்கே நேர்ந்தது எவருக்கும் நேரும் என்பதற்காகவே.

காலம் கடந்தது என்று கைவிடுவதும் முறையன்று. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழைத் தம் முயற்சியாலேயே நடத்திய சி.சு. செல்லப்பா, 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. அடுத்த ஆண்டே மறைந்தார். மேலும் தள்ளிப்போட்டிருப்பின் நூலைத் தம் கையால் தந்திருக்க மாட்டார்.

இவற்றிலிருந்து இலக்கிய வட்டம் கொள்ளத்தக்க பாடம் எளியது. தனித்திருக்கும் எழுத்தாளருக்கு மனவுறுதியை மட்டும் உபதேசிப்பதால் பயனில்லை. அவருக்குக் கேட்போரைத் தர வேண்டும். திங்கள்தோறும் நடைபெறும் கூட்டத்தில் முடிந்த கவிதைகளோடு முடியாத நூலின் ஒரு பகுதியும் அரங்கேறட்டும். அடுத்த பகுதி எந்நாளில் என்பதை அவையே குறிக்கட்டும். கை நடுங்கும் முதியவர் சொல்ல, இளைய உறுப்பினர் ஒருவர் எழுதட்டும். எழுதுவோரும் தம் பங்கிற்கு, நாளின் ஒரு நாழிகையேனும் எழுத்திற்கென ஒதுக்கி, அந்த நேரத்தில் ஒரு வரியாவது எழுதியே எழுதல் வேண்டும்.

செங்கணத்திலிருந்து தமிழ்க் கல்வியை நாடி ஒரு குடும்பம் புறப்பட்ட நாள் வசதியான நாளன்று. வசதியான நாளுக்காக அக்குடும்பம் காத்திருக்கவில்லை. அந்த மண்ணில் வாழ்வோர்க்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அடுத்த திங்கள் கூட்டத்திற்கு, அலமாரியில் உறங்கும் கையெழுத்துப் படிகளுள் ஒன்றேனும் வந்து சேர்வதாகுக.