இளவேனில் காலமும் நம் உடல்நலமும்

(நமது ஜமாஅத் சார்பில் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் வேம்பு துளிர்க்கிறது. மாமரம் பிஞ்சு விடுகிறது. நம் முன்னோர் இளவேனில் என்றழைத்த சித்திரையும் வைகாசியும் தொடர்ந்து வருகின்றன. பார்வைக்கு இனிய இப்பருவமே நம் பகுதியில் சின்னம்மை தலைகாட்டும் பருவமுமாகும்.

வெயிலின் சூட்டினால் அம்மை வருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் சின்னம்மை ஒரு வைரஸ் கிருமியால் வருவது. இருமல், தும்மல் வழியாகவும் கொப்புள நீரின் வழியாகவும் அது பரவுகிறது. உடலில் புகுந்து 10 முதல் 21 நாட்களுக்குப் பின்னரே நோய் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அது பிறருக்குத் தொற்றும்.

இதை அறியாமல் நாம் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். சென்ற பங்குனியில் நமது மக்தபில் ஓதும் சிறுவன் ஒருவனுக்கு அம்மை கண்டது. நலம் விசாரிப்பது சுன்னத் என்ற நல்லெண்ணத்தோடு நிர்வாகிகளாகிய நாமே கூட்டமாகச் சென்று, அவன் படுத்திருந்த அறையில் அமர்ந்து வந்தோம். இரண்டு வாரங்கள் கழிந்தபின் சென்று வந்தவர்களின் வீடுகள் மூன்றில் அம்மை கண்டது. அவற்றுள் ஒன்றில் கர்ப்பிணிப் பெண்ணொருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலமாக உள்ளனர். ஆயினும் அந்நாட்களில் நாம் உறங்கவில்லை.

நலம் விசாரிப்பதைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே கூறுகிறோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்ற இடத்தில் அறிந்தார்கள். தோழர்களிடம் ஆலோசனை செய்து, மக்களுடன் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு ஓடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்ததை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். விலகியிருப்பது தவக்குலுக்கு மாறானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பச்சைப் பூண்டு உண்டவர், அதன் வாடை பிறருக்குத் தொல்லை தரும் என்பதால் பள்ளிக்கு வராதிருக்கப் பணிக்கப்பட்டார். அவ்வாறாயின் நோயைச் சுமந்து வருவது எத்தகையது?

அம்மைக்கு மருத்துவம் பார்க்கலாகாது என்ற எண்ணமும் நம்மவரிடையே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரய் நகரின் மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் இயற்றினார். உலகையே நடுங்கவைத்த பெரியம்மை, தடுப்பூசியினால் முற்றிலும் ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நோயை ஆராய்ந்த சமுதாயத்தின் வழிவந்த நாம் மருத்துவரிடம் செல்லத் தயங்கலாமா?

எனவே ஜமாஅத்தார் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

1. அம்மை கண்டவரைக் காற்றோட்டமான தனி அறையில் வைத்து, முன்னரே அம்மை கண்டு தேறியவர் பணிவிடை செய்யட்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் விலகியிருக்கட்டும்.

2. முதல் நாளிலேயே மருத்துவரைக் காணுங்கள். தேவைப்படுவோருக்கு அவர் தரும் கிருமி எதிர்ப்பு மாத்திரை, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பயன்தரும். பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் நோய் கடுமையாகத் தாக்கக்கூடும்.

3. காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நகங்களை வெட்டிவிடுங்கள். குளிப்பாட்டுவதால் தீங்கில்லை. நீர், கஞ்சி, இளநீர் தாராளமாகக் கொடுங்கள்.

4. மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

5. பொருக்குத் தட்டும் வரை மக்தபுக்கோ ஜமாஅத் தொழுகைக்கோ வர வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

6. தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. சின்னம்மைக்கும் இரு தவணைத் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேட்டறியுங்கள்.

இனி ஒரு வீட்டில் அம்மை என்று தெரிந்தால், தொலைபேசியில் நலம் விசாரிப்போம். வாசலில் உணவும் மருந்தும் வைத்துவிட்டு, அங்கிருந்தே ஸலாம் சொல்லி துஆ செய்து திரும்புவோம். அன்றாடக் கூலியை இழந்து வீட்டிலிருப்போரின் தேவைகளை ஜமாஅத் கவனித்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். நோயை மறைக்காமல் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.