நாய்களை அறிந்தவர் யார்?



தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் அதனதன் நாய்கள் இருந்தன. எது கடிக்கும், எது குரைப்பதோடு நிற்கும், எது குட்டி போட்டிருக்கிறது என்பதெல்லாம் விடியலில் பிரட்டுக்குப் போகும் பெண்களுக்கு அத்துப்படி. கடிபட்டால் தோட்டத்து டிரஸ்ஸரிடம் ஓடுவோம். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதும் தேவையும் இருக்கவில்லை.

பிறகு தோட்ட நிலங்கள் கைமாறின. 1996-இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. அங்கே நாய் வளர்க்க இடமேது? நாய்கள் நின்றுவிட்டன, அவற்றை அறிந்தவர்கள் போய்விட்டார்கள்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். வெறிநாய்க்கடி நோய்க்கு நம் கெடா புதிய மண் அல்ல. 1952-இல் மலாயாவில் அந்நோய் பரவியபின், தாய்லாந்து எல்லையோரம் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் மாநிலங்களில் நாய்களுக்கு ஊசி போட்டுத் தடுப்பு வளையம் ஒன்று அமைத்தார்கள். நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் மீண்டும் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் பல உயிர்களைக் குடித்துவிட்டது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

சுட்டுத் தள்ளினால் தீராதா என்பார் சிலர். தீராது. எச்சில் சோறும் குப்பையும் கிடக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும். ஊசி போட்ட நாய்களும் சேர்ந்தே அழியும். நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சென்னையிலும் 1996-இல் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறினார்கள். ஆனால் மொத்தம் எத்தனை நாய்கள் என்றே தெரியாதபோது, 70-ஐ எப்படி எண்ணுவது?

சேவை வடிவமைப்பு என்றொரு முறை இக்காலத்தில் பேசப்படுகிறது. பெயர்தான் பெரிது. ஒரு காரியம் யார் யார் கையில் மாறிப் போகிறது, எந்தக் கையில் நழுவுகிறது என்று நடந்து பார்ப்பதே அது.

நாமும் நடந்து பார்ப்போம். மாலை ஆறு மணி. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பிள்ளையை நாய் கடிக்கிறது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்புவது கூடாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்கு இது தெரியுமா? அப்பா இரவு ஷிப்டுக்குப் போயிருந்தால் கிளினிக்குக்கு யார் அழைத்துப் போவார்? கடித்தது எந்த நாய், ஊசி போட்டதா? அதைப் பத்து நாள் கண்காணிப்பது யார்? கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்வது யார்? பெரும்பாலும் நழுவுவது நாயை அடையாளம் காட்டும் இடத்தில்தான். யாரையாவது கேட்டால், "கறுப்பு நாய், சார்" என்பார்கள். கறுப்பு நாய் எத்தனையோ!

ஆகவே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும் என்கிறோம். நாய்க்கு ஒரு பக்கம்: நிறம், ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா, எங்கே படுக்கும், சோறு போடுபவர் யார், ஊசி போட்ட தேதி. விவரம் யாரிடம் கிடைக்கும்? அதிகாரிகளைவிடச் சோறு வைக்கும் அம்மாக்களிடமும், இரவுக் காவலாளிகளிடமும், பள்ளிப் பிள்ளைகளிடமும்தான். பிள்ளைகள் நாய்க்குப் பெயரே வைத்திருப்பார்கள். அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாயைப் பிடிக்கவோ, அருகில் போகவோ பிள்ளைகளை விடக்கூடாது.

புத்தகம் ஒருவர் வீட்டு அலமாரியில் அடைந்து கிடந்தால் அவரோடு அதுவும் பெயர்ந்து போகும். கோயிலிலோ பொது மண்டபத்திலோ வையுங்கள். சோறு போடும் அம்மா வேறு தாமானுக்குப் போகிறாரா? போகுமுன் தம் பக்கங்களை அடுத்தவரோடு உட்கார்ந்து ஒருமுறை படிக்கட்டும். முதல் பக்கத்தில் கிளினிக், நகராண்மைக் கழகம், கால்நடைச் சேவைத் துறை மூன்றின் தொலைபேசி எண்களும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கண் மங்கிய பாட்டியும் படிக்க வேண்டுமல்லவா?