நத்தாரும் நாவலாசிரியரும்



நத்தார் என்று நாம் வழங்கும் சொல் போர்த்துக்கீசர் நமக்கு விட்டுச் சென்ற சொல். ஆனால் அப்பண்டிகையை நினைத்ததும் நம் மனக்கண்முன் எழும் காட்சி போர்த்துக்கல்லிலிருந்து வந்ததன்று. பனி மூடிய தெரு, வீட்டினுள்ளே கணப்பு, அதனைச் சுற்றிக் குடும்பம், மேசையில் ஆவி பறக்கும் உணவு ஆகியவற்றை நமக்கு எழுதிக் காட்டியவர் இங்கிலாந்து நாவலாசிரியரான சார்ள்ஸ் டிக்கன்ஸ் ஆவார். மார்கழி மழையில் நம் முற்றங்கள் சேறாகிக் கிடக்கும்போது, மரக்கிளையிற் பஞ்சை ஒட்டி அதனைப் பனியென்று கண்டு மகிழ்கிறோமே, அவ்வழக்கத்தில் அவருக்கும் ஒரு பங்குண்டு. அவர் பிறந்தது 1812ஆம் ஆண்டில். அந்தப் பத்தாண்டு இங்கிலாந்தில் கடுங்குளிர் நிலவிய காலம். சிறுவனாகக் கண்ட பனியை அவர் கடைசிவரை தம் கதைகளிற் கொட்டிக்கொண்டிருந்தார்.

இத்தகைய ஒருவர் நத்தாரை முழுமனத்துடன் கொண்டாடியவராகவே இருந்திருப்பார் என எவரும் எண்ணுவர். பாடநூல்களும் அவ்வாறே கூறுகின்றன. அது பாதி உண்மையே. மற்றப் பாதியைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

1843ஆம் ஆண்டில் டிக்கன்ஸின் கையில் இருந்த வேலை வேறு. ‘மார்ட்டின் சஸில்விற்’ என்னும் நெடிய நாவலை மாதத்துக்கு ஒரு பகுதியாக அவர் வெளியிட்டு வந்தார். அது எதிர்பார்த்தவாறு விற்பனையாகவில்லை. வாசகரை இழுக்கும் பொருட்டுக் கதாநாயகனைத் திடீரென்று அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியும் பார்த்தார், பெரும்பயன் விளையவில்லை. பதிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனையைச் சுட்டி, மாதக் கொடுப்பனவில் 50 பவுணைக் குறைக்க நேரலாமெனக் குறிப்பாகத் தெரிவித்தனர். அவருடைய வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறக்கவிருந்தது. தந்தையாரோ கடன் வாங்குவதை ஒரு தொழிலாகவே நடத்தி வந்தவர். அக்கடன் காரணமாகத்தான் 1824இல் தந்தை சிறை புகுந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த சார்ள்ஸ், சப்பாத்து மை செய்யும் தொழிலகமொன்றில் கிழமைக்கு ஆறு சிலிங் கூலிக்குப் போத்தல்களில் லேபல் ஒட்டினார். கடன் என்ற சொல்லைக் கேட்டால் அவர் உள்ளம் நடுங்கியதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் உள்ள ஓர் எழுத்தாளன் செய்யத் தக்கது யாது? வேறெதிலும் கருத்தைச் செலுத்தாது, எடுத்த நாவலைச் சீர்செய்து முடிப்பதே என்று நாம் கூறுவோம். என்னைப் போன்ற அதிபர்கள் நிச்சயமாக அவ்வாறுதான் கூறுவார்கள். டிக்கன்ஸ் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய சிந்தை வேறொரு பக்கம் போயிற்று. அவ்வாண்டில், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைக்கமர்த்தப்பட்ட சிறுவர்களின் நிலைபற்றிய அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கை அவர் கைக்கு வந்தது. அதைப் படித்துக் கொதித்த அவர் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத எண்ணினார். பின்னர், ஆண்டு முடிவில் அதனினும் பன்மடங்கு வன்மையான அடியொன்றை அடிப்பதாகச் சொல்லி அதை ஒத்திவைத்தார். செப்ரெம்பர் மாதத்தில், ஏழைச் சிறுவருக்கென இலண்டனில் நடந்த கந்தலாடைப் பாடசாலை ஒன்றைப் போய்ப் பார்த்தார். ஒக்ரோபரில் மான்செஸ்ரர் நகரிலே தொழிலாளர் கல்வியைக் குறித்து உரையாற்றினார். அப்பயணத்திலேயே ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதை அவர் மனத்திற் கருக்கொண்டது.

நாவலின் மாதப் பகுதிகளை நிறுத்தாமலே, ஏறத்தாழ ஆறு கிழமைகளில் இப்புதிய கதையை எழுதி முடித்தார். பகலில் எழுதுவார், இரவில், ஊர் உறங்கிய பின்னர், இலண்டன் தெருக்களில் பதினைந்து இருபது மைல் நடப்பார். எழுதும்போது அழுததாகவும் சிரித்ததாகவும் நண்பரொருவருக்கு அவரே கடிதம் வரைந்துள்ளார். நூல் 1843 டிசெம்பர் 19ஆம் தேதி ஐந்து சிலிங் விலையில் வெளிவந்தது. அச்சிட்ட 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன. ஆனால் வண்ணப் படங்களுக்கும் பொன் விளிம்புக்கும் அவர் தாராளமாகச் செலவிட்டிருந்தபடியால், ஆயிரம் பவுணை எதிர்பார்த்தவருக்கு முதற் கணக்கில் கிடைத்தது 230 பவுண் மாத்திரமே. கதையைத் திருடி அச்சிட்டவர்மீது வழக்குத் தொடுத்து வென்றார். தோற்றவர் வங்குரோத்து அடைந்தமையால், வென்றவரே ஏறக்குறைய 700 பவுண் வழக்குச் செலவைக் கொடுக்கும்படியாயிற்று. ஏழைகளுக்காக எழுதிய நூல் எழுதியவரை ஏழையாக்கப் பார்த்தது.

கதையை நேயர்கள் அறிவீர்கள். உலோபியாகிய ஸ்குரூஜ், நத்தாருக்கு முந்திய இரவில் ஆவிகளைக் கண்டு மனந்திருந்துகிறான். இங்கே நான் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். பண்டிகைக்கு எதிரான வாதம் அந்நூலிலே மிக வன்மையாகக் கூறப்பட்டிருக்கின்றது. கையிற் காசில்லாமலே கடன்களைத் தீர்க்கவேண்டிய காலமன்றோ இது, ஒரு வயது ஏறியும் ஒரு நாழி நேரமேனும் செல்வம் ஏறாததைக் கண்டுகொள்ளும் காலமன்றோ இது என்னும் கருத்துப்பட ஸ்குரூஜ் தன் மருமகனிடம் வாதிடுகிறான். இவ்வாதத்தை டிக்கன்ஸ் புறத்தேயிருந்து கொண்டுவரவில்லை என்பது என் எண்ணம். அந்த மாதத்தில் அவருடைய கணக்குப் புத்தகம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுவே. தம் மனத்தில் இருந்த கசப்பை ஸ்குரூஜிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய மகிழ்ச்சியை அவர் மருமகனுக்குக் கொடுத்தார். இரண்டும் ஒருவருடைய உள்ளத்திலிருந்தே வந்தமையால்தான் அவ்வுரையாடல் இன்றும் உயிருடன் நிற்கிறது.

இடையே ஒன்று. டிக்கன்ஸே நத்தார் வழக்கங்களை உண்டாக்கினார் என்று கூறுவது மிகை. ‘கரோல்’ நூலில் நத்தார் மரம் கிடையாது. அந்த ஜெர்மானிய வழக்கம் இங்கிலாந்தின் வீடுகளிற் பரவத் தொடங்கியது விக்ரோறியா மகாராணியின் கணவர் காலத்தில். வாழ்த்து மடலும் அக்கதையில் இல்லை. முதலாவது வர்த்தக வாழ்த்து மடலை ஹென்றி கோல் என்பவர் அதே 1843இல் அச்சிடுவித்தார் என்பது சுவையான பொருத்தம். எழுதுவினைஞன் பொப் கிராச்சிற்றின் குடும்பத்தார் உண்பது வான்கோழியன்று, வாத்து. அதையும் வாட்டியெடுக்க வீட்டில் வசதியின்மையால் பாண்காரனுடைய போறணைக்கு அனுப்புகிறார்கள். வான்கோழி வருவது கதை முடிவில், ஸ்குரூஜின் அன்பளிப்பாக.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததே நம் கவனத்துக்கு உரியது. ஒருமுறை தானாக வந்த சிந்தனையை மக்கள் ஆண்டுதோறும் கேட்கலாயினர். நம் பத்திரிகைகளிலும் இதனைக் காண்கிறோம். தீபாவளி மலருக்கும் நத்தார் மலருக்கும் கதை கேட்டுக் கடிதம் வரும், நாள் குறித்து வரும், உள்ளத்திற் கதை உண்டா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

1844இல் டிக்கன்ஸ் குடும்பத்துடன் இத்தாலியின் ஜெனோவா நகரிற் குடியிருந்தார். அவ்வாண்டுக்குரிய நத்தார் கதையை எழுத உட்கார்ந்தார், எழுத்து ஓடவில்லை. அவர் கால்களுக்கு இலண்டன் தெருக்கள் தேவைப்பட்டன. போதாக்குறைக்கு, நகரத்துக் கோயில் மணிகள் அனைத்தும் ஒரே வேளையில் காற்றோடு கலந்து அவர் அறையினுள் வந்து மோதின. எழுதுபவனுக்கு இதனினும் பெரிய இடையூறு உண்டோ! எரிச்சலுற்ற அவர், சில நாட்களில், அம்மணிகளையே கதையாக்கினார். ‘மணியோசைகள்’ என்னும் அந்நூல், வறுமையுற்ற ஒரு கிழத் தூதுவனிடம் மணிகள் பேசுவதாக அமைந்தது. ‘கரோலை’விடக் கோபம் மிகுந்த நூல் அது; அத்துணை இனிமை இல்லாமையாற் போலும், இன்று அதைப் படிப்பார் சிலரே.

1846இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் நிலைமை மோசமாயிற்று. ‘டொம்பியும் மகனும்’ என்ற பெருநாவல் தொடங்கிவிட்டது; நத்தார் கதையும் காத்திருந்தது. தெருக்களில்லாத அவ்வூரில் நாள்தோறும் எழுதுவது பெரும்பாடாக இருக்கிறதெனத் தம் நண்பர் ஜோன் போஸ்ரருக்கு எழுதினார். ஒரு கதையில் இருக்கும்போது மற்றது அழைத்தது, தலைவலி கண்டது, நத்தார் நூலைக் கைவிட்டுவிடலாமோ என்று கூட எண்ணினார். ஒருவாறு முடித்த ‘வாழ்க்கைப் போர்’ என்னும் அக்கதை, அவர் நூல்களுள் மிக மெலிந்தவற்றுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்த ஆண்டில் நாவலுக்காக நத்தார் கதையைத் துணிந்து ஒத்திவைத்தார். 1848இல் அது வெளிவந்தபோது, துன்ப நினைவுகளை அழித்துவிடுமாறு வேண்டி, அவற்றோடு இரக்கத்தையும் இழந்துவிடும் ஓர் இரசாயனப் பேராசிரியரின் கதையாக இருந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் அவருடைய தமக்கை பனி இறந்திருந்தார். 1851இல், தந்தையையும் கைக்குழந்தை ஒன்றையும் இழந்த ஆண்டில், வயது ஏற ஏற நத்தார் என்னவாகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அதில் இறந்தவர்களையும் கணப்பின் அருகே வந்து அமரும்படி அழைக்கிறார். கொண்டாட்டத்தின் நடுவே வெறுமையாக இருக்கும் ஆசனத்தைக் காணாத வீடு நம்மிடையே எத்தனை உண்டு?

1860 டிசெம்பர் முதலாந் தேதி, ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ நாவலின் முதற்பகுதி அவருடைய வார இதழில் வெளியாயிற்று. பண்டிகைக் காலத்தில் டிக்கன்ஸின் பெயரைக் கண்டு ஆவலுடன் இதழை விரித்தவர்கள் கண்ட நத்தார் விருந்து எத்தகையது? கைதி ஒருவனுக்காக வீட்டிலிருந்து உணவு திருடிய பிப் என்னும் அநாதைச் சிறுவன் அச்சத்துடன் மேசையில் ஒடுங்கியிருக்கிறான். பெரியவர்கள் அவனைப் பன்றிக்கு ஒப்பிட்டு நன்றியுணர்வைப் பற்றி உபதேசம் செய்கிறார்கள். அக்காளின் கணவனான கொல்லன் ஜோ மட்டும், வாய் திறக்க இயலாதவனாய், சிறுவனின் தட்டிற் குழம்பை ஊற்றிக்கொண்டேயிருக்கிறான். நத்தாரைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியவற்றுள் என் மனத்துக்கு மிக நெருங்கியது இவ்விருந்தே. பண்டிகை மேசையிற் பிள்ளைகள் படும் பாட்டை இதனினும் உண்மையாகக் கூறியவர் எவருமில்லை.

இன்னொரு செய்தி சிரிப்பைத் தரும். ‘கரோலில்’ ஒரு சிறுவன் கதவின் திறப்புத் துவாரத்தில் வாய் வைத்து நத்தார்ப் பாட்டுப் பாடத் தொடங்க, ஸ்குரூஜ் அடிமட்டத்தைத் தூக்கி அவனைத் துரத்துகிறான். 1864இல், தெருப் பாடகரும் வாத்தியக்காரரும் எழுதுவோரின் வேலையைக் கெடுப்பதாக முறையிட்டு, அவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்துக்கு ஆதரவாக ஒரு கடிதம் வெளியாயிற்று. அதிற் கையொப்பமிட்ட எழுத்தாளர்களில் டிக்கன்ஸும் ஒருவர்! அடிமட்டம் அவர் மேசையிலும் இருந்திருக்கும் போலும். ஆனாலும் அவரை நான் குறைகூற மாட்டேன். தாமே தேடிச் சென்ற தெருவின் ஓசை வேறு, எழுதும் நேரத்தில் தேடி வந்து சன்னலைத் தட்டும் ஓசை வேறு.

இதற்கிடையில் அவருடைய இதழ்களின் நத்தார் மலர்கள் ஆண்டுதோறும் வெளிவந்தன. 1866ஆம் ஆண்டு மலர் இரண்டு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அம்மலரில்தான், புகையிரதப் பாதையோரத்துச் சமிக்ஞைக்காரன் ஒருவனைப் பற்றிய அருமையான ஆவிக்கதை இருக்கிறது. அதில் நத்தாரின் வாடையே இல்லை. 1868இல், இனி இயலாதென்று நிறுத்திவிட்டார். அடுத்த மலருக்கு மனநிறைவு தரும் ஒரு கருவைக் கூறுபவருக்கு நூறு பவுண் தருவதாகத் தம் வீட்டாரிடம் சொல்லிப் பார்த்ததாகவும், இவ்வேலையே தமக்குச் சலித்துவிட்டதாகவும் உதவியாசிரியருக்கு எழுதினார். பணம் கொழிக்கும் பண்டிகை மலரை ஓர் ஆசிரியர் தாமே நிறுத்துவது எளிதான செயலன்று. ஆயினும் ‘கரோலை’ மேடையில் வாசிப்பதை மட்டும் அவர் கைவிடவில்லை. 1853 டிசெம்பரில் பேர்மிங்காம் நகர மண்டபத்திலே தொடங்கிய அவ்வாசிப்பு, 1870ஆம் ஆண்டின் விடைபெறும் மேடைவரை அவரோடு சென்றது.

அவ்வாண்டு ஜூன் 8ஆந் தேதி, பகற்பொழுதின் பெரும்பகுதியை ‘எட்வின் ட்றூட்டின் மர்மம்’ என்ற நாவலில் செலவிட்டார். மாலையில், இராவுணவு மேசையில் நினைவிழந்து வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். பன்னிரண்டு பகுதிகளாக வரவேண்டிய அந்நாவலில் ஆறு பகுதிகளே நமக்குக் கிடைத்தன. அதில் ஒரு நத்தார் இரவு வருகிறது. கோயில் நகரொன்றிற் புயல் அடிக்கிறது. மனத்தாங்கல் கொண்ட இரு இளைஞரைச் சமாதானஞ் செய்வதற்கென விருந்து ஏற்பாடாகிறது. விடிந்ததும் அவர்களில் ஒருவனைக் காணவில்லை. பின்னர் அவனுடைய கடிகாரம் ஆற்றணையிற் கிடைக்கிறது. அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது எழுதப்படவில்லை.

‘கரோலை’ மார்கழிதோறும் எடுத்துப் படிக்கும் நேயர்கள், இம்முறை அந்தப் புயலிரவு அத்தியாயத்தையும் படித்துப் பார்க்கலாம். ஆங்கிலம் சற்றுக் கடினமானது. அகராதி ஒன்று பக்கத்தில் இருத்தல் நன்று.