மறுத்துப் பேசுபவர் துரோகியா?



வேலைநிறுத்தம் வேண்டாமென்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தால், "நிர்வாகத்தின் ஆள்" என்று கூவி உட்கார வைக்கிறோம். இது முறையா? மலேசியாவின் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பில், வாக்குரிமையுள்ள உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். அதாவது, 100 பேரில் 67 பேர். இன்று நாம் வாயடைத்த 34 பேர் நாளை வாக்குச்சீட்டில் பேசினால், வேலைநிறுத்தம் இல்லை.

அவர் சொல்வதைக் கேளுங்கள். "மழையால் மரம் சீவாத நாட்களில் கடைக்கடன் ஏறிவிட்டது, வேலைநிறுத்தம் செய்தால் அரிசிக்கு வழியென்ன?" என்கிறாரா? அது துரோகமல்ல, கணக்கு. பதில் இருந்தால் சொல்வோம். இல்லையேல் முதலில் அரிசிக்கு வழி தேடுவோம். அதன்பின்னும் அவர் மறுத்தால் மறுக்கட்டும். அவரும் சந்தா கட்டும் தொழிலாளியே!