பாராட்ட வரும் நிரல்கள்

வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று ஒருவர் வலைப்பூவில் எழுதுகிறார். மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம்: "அருமையான பதிவு, தொடர்ந்து எழுதுங்கள்." பாராட்டியவரின் பெயரைத் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கிறது. எழுதியது மனிதர் இல்லை, ஒரு நிரல். இதே வரியை இன்னும் எத்தனையோ தளங்களில் அது போட்டுவிட்டுப் போயிருக்கும்.

குழம்பு தேடி வருகிறவரைச் சூதாட இழுப்பது இதன் முதல் நோக்கம் அல்ல. குறி கூகுள்தான். 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் நிறுவிய அந்தத் தேடுபொறி, ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன, எப்படிப்பட்ட தளங்களிலிருந்து வருகின்றன என்று பார்த்து மதிப்புப் போட்டது. அப்படியானால் ஊரார் பக்கங்களில் எல்லாம் நம் முகவரியை ஒட்டிவிடலாமே என்று சிலர் கணக்குப் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்த வலைப்பூக்களும் விக்கிகளும் வசமாக மாட்டிக்கொண்டன.

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்.எஸ்.என். மூன்றும் ஒரு வழி சொன்னன. பின்னூட்டத்தில் வரும் இணைப்புக்கு 'நோஃபாலோ' என்ற குறியை வலைப்பூ மென்பொருளே சேர்த்துவிடும். தேடுபொறி அந்த இணைப்பை மதிப்பில் சேர்க்காது என்பது அன்றைய ஏற்பாடு. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் தன் வெளி இணைப்புகளுக்கு இதையே செய்தது. ஆதாயம் போனால் தொல்லை ஓயும் என்று நம்பினார்கள். ஓயவில்லை. அனுப்பக் காசே செலவாகாதபோது, பலன் கிடைக்கிறதா என்று எவர் உட்கார்ந்து பார்ப்பார்?

ஆக, வடிகட்டத்தான் வேண்டியிருந்தது. அதே 2005இல், வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் அகிஸ்மெட் என்ற வடிகட்டும் சேவையைக் கொண்டுவந்தார். ஒரு தளத்துக்காரர் ஸ்பேம் என்று ஒதுக்குவது மற்ற தளங்களின் காவலுக்கும் பாடமாகிறது. எப்போதாவது நல்ல வாசகரின் பின்னூட்டமும் அந்த ஸ்பேம் குப்பையில் போய் விழும். அவ்வப்போது கிளறிப் பார்ப்பது நல்லது.

கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவோ பார்வை குறைந்தவர்களைப் படாதபாடு படுத்தியது. கூலிக்கு ஆள் வைத்து நிரப்புகிறவர்கள் அதையும் தாண்டி வந்தார்கள்.

இதைவிட நாசூக்கான தந்திரம் ஒன்று உண்டு. படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் வைத்து, திரையில் தெரியாமல் மறைத்துவிடுவது. மனிதர் கண்ணில் படாததால் அது காலியாகவே இருக்கும். நிரல் பெரும்பாலும் கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பிவிடும். அதில் ஓர் எழுத்து இருந்தாலும் போதும், பின்னூட்டம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறவர்களுக்காக 'காலியாக விடவும்' என்று மட்டும் அங்கே எழுதி வைக்க வேண்டும்.

விக்கிகளுக்கு வேறொரு வசதி. பழைய வடிவங்கள் எல்லாம் சேமிப்பில் இருப்பதால், கெடுத்ததைச் சில நொடிகளில் மீட்டுவிடலாம். தடைப்பட்டியலில் உள்ள முகவரியைச் சேர்த்தால் விக்கிப்பீடியா அந்தத் திருத்தத்தைச் சேமிக்கவே விடாது. ஆனால் இதற்கெல்லாம் கவனிக்க ஆள் வேண்டும். ஏதோ ஒரு திட்டத்துக்காகத் தொடங்கி, முடிந்ததும் கைவிட்ட சிறு விக்கிகளில் விளம்பரம் புதர்போல மண்டிவிடுகிறது.

நேயர்களில் பழைய வலைப்பூவை அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள், குறிப்பிட்ட நாட்களுக்கு முந்தைய பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடச் செய்யலாம். வேர்ட்பிரஸின் அமைப்புகள் பக்கத்தில், கலந்துரையாடல் பகுதியிலேயே அதற்கான தேர்வு இருக்கிறது.