இறங்குமுன் மீற்றரைக் காட்டச் சொல்லுங்கள்

(தோட்டத் தலைவர்மாருக்கும் பெக்டரித் தொழிலாளருக்கும் நடந்த பாதுகாப்பு வகுப்பில் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. பல வருடமாக மீற்றர் திருத்துகிறவன். அதனால் வாயை மட்டும் நம்பி வராமல் இந்தப் பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி இதைப் பார்த்துவிட்டு, "பழைய பட்டன் போனா அண்ணே?" என்று கேட்டார். அளவில் அப்படித்தான். ஆனால் இது வளியில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீற்றர். குறைந்தால் கத்தும். எந்த இலக்கத்தில் கத்த வேண்டும் என்பதை மனிதர்தான் அதற்குள் பதிகிறார். அந்த இலக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இப்போது பாருங்கள். இந்த மண்டபத்தில் 20.9 என்று காட்டுகிறது. நூறு பங்கு வளியில் 20.9 பங்கு ஒட்சிசன். மிச்சத்தில் பெரும்பகுதி நைதரசன். காலிக் கடற்கரையிலும் 20.9 வீதம்தான், நுவரெலியாவிலும் 20.9 வீதம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நான் மூச்சை இழுத்து, கொஞ்சம் அடக்கி, சென்சரின் மேல் மெதுவாக ஊதுகிறேன். 20.2... 19.8... கேட்டதா? 19.5க்குக் கீழே போனதும் கத்துகிறது, விளக்கு மின்னுகிறது, கையில் அதிர்கிறது. நாம் வெளியே விடும் மூச்சில் ஒட்சிசன் 16 வீதம் அளவில்தான் இருக்கும். அதுதான் காரணம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனால் இது முழுச் சோதனை அல்ல. அதையும் சொல்கிறேன்.

ஏன் 19.5? 20.9க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். 19.5இல் யாரும் விழமாட்டார்கள். 16 வீதத்தில் நெஞ்சு படபடக்கும், கை வைக்கும் இடம் தப்பும். 12க்கு வரும்போது புத்தி தடுமாறும். தான் தடுமாறுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. 10இல் உதடு நீலமாகும், மயங்குவார். 6இல் சில நிமிடத்தில் உயிர் போகும். குழிக்குள் இறங்கும்போது இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கடப்பதில்லை. இரண்டு ஏணிப்படி இறங்கினாலே 19இலிருந்து 10க்குப் போய்விடலாம். ஆள் திரும்பி ஏற நேரம் வேண்டும். அதற்காகத்தான் அலாரத்தை அவ்வளவு முன்னாலேயே வைத்திருக்கிறார்கள்.

"மூச்சு முட்டினால் மேலே வந்துவிடுவேன்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். முட்டாது ஐயா. நமக்கு மூச்சு முட்டுவது முக்கியமாகக் காபனீரொட்சைட்டு உடம்பில் கூடுவதால். ஒட்சிசன் மட்டும் குறைந்தால் உடம்பு பெரிதாக எச்சரிக்காது. மூச்சு வழக்கம்போல் போய்வரும், ஆள் மட்டும் சரிவார்.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தேன். கொழும்பில் சரிபார்த்த மீற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரிக்குப் போனோம். வேனை விட்டு இறங்கிப் போட்டதுமே அது கத்தத் தொடங்கியது. திறந்த வெளி, நல்ல காற்று, ஆனால் 17ஐ ஒட்டிக் காட்டுகிறது. பெக்டரி ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மெனுவுக்குள் போய், குறைந்த அலாரத்தை 19.5இலிருந்து 16க்கு இறக்கினேன். கத்தல் நின்றது. வேலை முடித்தோம், வந்தோம். நான் அதை மறந்தே போனேன்.

உண்மையில் மீற்றர் பழுதாகவில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கும் வளியில் 20.9 வீதம் ஒட்சிசன்தான், ஆனால் வளியின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். சில வகைச் சென்சர்கள் வீதத்தை அல்ல, ஒட்சிசனின் அமுக்கத்தை அளந்து அதை வீதமாகக் காட்டுகின்றன. அவை மலைக்கு ஏறினால் குறைத்துக் காட்டும். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். திறந்த வெளியில் நின்று, நல்ல காற்றில் அளவு திருத்தும் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். மீற்றர் அந்த இடத்து நல்ல காற்றை 20.9 என்று எடுத்துக்கொண்டிருக்கும். அலாரம் 19.5இலேயே இருந்திருக்கும்.

பிறகு அதே மீற்றர் கீழ்நாட்டில் ஒரு இறப்பர் பெக்டரிக்குப் போனது. அங்கே நல்ல பிள்ளை மாதிரி 20.9 காட்டியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே அலாரம் 16இல் கிடக்கிறது என்று காட்டும் எழுத்து வெளியே எங்கும் இல்லை.

வேலை பழைய இரும்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்றின் உட்பக்கம் துருச் சுரண்டுவது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அழுக்கு இல்லை, மணம் இல்லை, தண்ணீர் இருந்த தாங்கிதானே என்று எல்லோரும் நினைத்தோம். இரும்பு துருப்பிடிப்பது என்றால் வளியில் உள்ள ஒட்சிசனைத் தின்பது. மூடிய தாங்கிக்குள் துரு கூடக்கூட ஒட்சிசன் குறையும். நாங்கள் வாயில் மட்டும் மீற்றரைப் பிடித்துப் பார்த்தோம், 20க்கு மேல் இருந்தது. ஒரு தம்பி நெஞ்சில் மீற்றரைக் கொழுவிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் மெதுவானது. கூப்பிட்டால் பதில் குழறலாக வந்தது. ஏறச் சொன்னோம். ஏணியைப் பிடிக்கப் போன கை ஏணிக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. நல்லவேளை, இடுப்பில் கயிறு இருந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே கிடத்திவிட்டு மீற்றரைப் பார்த்தேன். உள்ளே போன குறைந்த அளவு 16.3 என்று பதிந்திருந்தது. ஒரு முறைகூடக் கத்தவில்லை. நான்தான் கத்தவேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

அந்தத் தம்பி பிழைத்தார். இன்றைக்கும் தீபாவளிக்கு எனக்குப் போன் எடுப்பார். அவருக்கு நான் உண்மையைச் சொன்னது இரண்டு வருடம் கழித்துத்தான்.

சரி, மீற்றருக்கு வருவோம். ஒட்சிசன் சென்சர் என்பது ஒரு சின்னப் பெற்றரி மாதிரி. இந்த வகையில் உள்ளே ஈயம் இருக்கிறது. ஒட்சிசன் உள்ளே போகப்போக ஈயம் மாறி மின்சாரம் வரும். ஒட்சிசன் குறைந்தால் மின்சாரம் குறையும். ஈயம் தீர்ந்தால் சென்சர் முடிந்தது, சாதாரணமாக இரண்டு வருடம் அளவில். ஒட்சிசன் சென்சர் சாகும்போது அளவு கீழே விழும், ஆகவே கத்திக்கொண்டு சாகும். ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு சென்சர்கள் அப்படி அல்ல. செத்தால் பூச்சியம் காட்டும். பூச்சியம் என்றால் வாயு இல்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அதனால் சின்னச் சிலிண்டரில் உள்ள சோதனை வாயுவைப் பாய்ச்சி, எல்லா அலாரமும் அடிக்கிறதா என்று பாவிக்கும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சிலிண்டர் வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை.

அலாரம் பதியும்போது ஒட்சிசனுக்கு இரண்டு எல்லை உண்டு. கீழே 19.5, மேலே 23.5. ஒட்சிசன் கூடினால் என்ன நட்டம் என்று கேட்காதீர்கள். கூடினால் துணியும் தலைமுடியும்கூடச் சட்டென்று பற்றும். வெல்டிங் குழாய் கசியும் இடத்தில் இது நடக்கும். மேல் எல்லைக்கு இன்னொரு பலனும் உண்டு. நுவரெலியாவில் அளவு திருத்திய அந்த வகை மீற்றரை அப்படியே களுத்துறைக்குக் கொண்டுபோனால் நல்ல காற்றிலேயே 26 அளவில் காட்டிக் கத்தும். அதாவது, இந்த இடத்தில் என்னைத் திரும்பத் திருத்து என்று கேட்கிறது. ஆனால் குழிக்குப் பக்கத்திலோ, ஓடிக்கொண்டிருக்கும் லொறிக்குப் பின்னாலோ நின்று திருத்தக்கூடாது. கெட்ட காற்றைக் கொடுத்து இதுதான் நல்ல காற்று என்று மீற்றருக்குப் பொய் சொல்லிக் கொடுத்தால் அது நாள் முழுக்க அந்தப் பொய்யையே சொல்லும்.

இன்னொரு பதிவு. அடித்த அலாரம், அளவு சரியானதும் தானாக நிற்கும்படி வைக்கலாம். ஆள் பட்டனை அழுத்தும்வரை நிற்காதபடியும் வைக்கலாம். இரண்டாவதையே கேளுங்கள். மீற்றரைக் குழிக்குள் இறக்கிவிட்டு இழுத்தெடுப்பதற்குள் கத்தல் நின்றுவிட்டால், அடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மெனுவுக்குக் கடவுச்சொல் போட்டு, அது ஒருவர் இருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். என் கையில் இருந்ததுபோல் வெட்கப்படுகிறவன் கையில் இருக்கக்கூடாது.

இறப்பர் தோட்டத்து ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஒட்சிசன் 20.9 காட்டினால் மட்டும் இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. வேறொரு வாயு வந்து ஒட்சிசனை 20.9இலிருந்து 19.5க்குத் தள்ள வேண்டுமானால், அந்த வாயு பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 67,000 பங்கு வந்திருக்க வேண்டும். கழிவுநீர்க் குழியில் வரும் ஐதரசன் சல்பைட்டு 1,000 பங்கு இருந்தாலே ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுவார். பால் உறையாமல் இருக்க ஊற்றுகிறோமே அம்மோனியா, அது 300 பங்கே உயிருக்கு ஆபத்து. அந்த அளவுக்கு ஒட்சிசன் இலக்கம் அசையவே அசையாது. சாதாரணமாகக் கடையில் வரும் நாலு வாயு மீற்றரில் ஒட்சிசன், எரிவாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு இருக்கும், அம்மோனியா இருக்காது. அதற்கு வேறு சென்சர் கேட்டு வாங்க வேண்டும். மூக்கை நம்பவும் முடியாது. அழுகிய முட்டை மணம் 100 பங்குக்கு மேல் போனால் மூக்கே மரத்துவிடும். மணம் போய்விட்டது, இறங்கலாம் என்பார்கள். மணம் போகவில்லை, மூக்குத்தான் போனது.

2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு இறப்பர் தொழிற்சாலையின் தாங்கியில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 5 பேர் இறந்தார்கள். விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் இருந்தார்கள். நம் தோட்டங்களில் இது நடக்க அதிக நேரம் எடுக்காது. ஏனென்றால் நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் அல்ல. தம்பி விழுந்தால் அண்ணன் குதிப்பான், அண்ணன் விழுந்தால் மச்சான் குதிப்பான். அந்தக் குணத்தை விடச் சொல்ல நான் யார்? அது வேலைக்கு வரட்டும் என்றுதான் இறங்குகிறவர் இடுப்பில் கயிறும், கயிற்றின் மறுமுனையில் ஆட்களும் வேண்டும் என்கிறேன். வெளியே நின்று இழுக்கலாம்.

கிணற்றுக்குள் விளக்கு இறக்கிப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விளக்கு அணையும்போது ஒட்சிசன் ஏற்கனவே 16, 17க்கு வந்திருக்கும். மெதேன் உள்ள மலசலகூடக் குழியில் விளக்கு அணையாது, குழியே வெடிக்கும். அந்த முறையை விட்டுவிடுவோம்.

ஆகவே நாளைக்கு யாரையாவது தாங்கிக்குள், குழிக்குள் இறங்கச் சொன்னால் தலைவர் போய் நின்று கேட்க வேண்டும். மீற்றரைக் காட்டுங்கள். இந்த இடத்துக் காற்றில் திருத்தினீர்களா? குறைந்த அலாரம் எத்தனை? மெனுவைத் திறந்து காட்டுங்கள். குழாய் மாட்டி மேல், நடு, அடி மூன்றிலும் அளந்தீர்களா? குழாய் நீளமானால் அடிக்காற்று மேலே வந்துசேர நேரம் எடுக்கும். ஓரடிக்கு மூன்று செக்கன் விட்டு, பிறகு இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பார்க்க வேண்டும். வாயில் மட்டும் பிடித்துவிட்டு வருவது நான் செய்த வேலை. ஆள் உள்ளே இருக்கும்வரை மீற்றரும் அவர் நெஞ்சில் இருக்க வேண்டும்.

"மீற்றர் இல்லை, அவசர வேலை" என்றால் இறங்குவதில்லை. இது அடம் அல்ல. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை, இறப்பர் பெக்டரிகளுக்கும் உரியது. தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். எழுத வேண்டியவர் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருவார்கள்.

பிளேன்டீ வந்துவிட்டது போல இருக்கிறது. குடித்துவிட்டு மூன்று மூன்று பேராக இந்த மேசைக்கு வாருங்கள். இந்த மீற்றரில் ஒன்றின் அலாரத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறேன். எது என்று கண்டுபிடித்து, திரும்ப 19.5க்குக் கொண்டுவந்து, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். முதலில் அந்தத் தங்கச்சி வரட்டும்.